மூக்கு நிமிர்ந்த பிக்கப்

மாங்குளத்துக் கராஜிலிருந்து எங்கள் பிக்கப் திரும்பி வந்த அன்று, என் கணவர் முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்த நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தேன்.

"பக்கவாட்டில நிண்டு பாரும். இப்ப சமனாய் நிக்குதெல்லே?"

சமனாகத்தான் நின்றது. அதற்கு முன் வெறும் வண்டியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். பாரம் தாங்குவதற்காகப் பின்னால் தடித்த வில்லுத் தகடுகள் போட்டுச் செய்த வண்டி அது. முரசுமோட்டையில் எங்கள் வயலுக்குப் போகும் வழியில் வாய்க்கால்களைக் கடக்கும்போது முன்பக்கம் மண்ணில் இடிக்கும். மாரியில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடினால், எஞ்சினுக்குள் தண்ணீர் அடித்து நடுவழியில் நின்றுவிடும். ஆகவே முன் அச்சுக்கு மேலிருந்த தகடுகளோடு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதுத் தகடு சேர்த்து, இடையில் இரும்புக் கட்டையும் வைத்து, நாலு விரற்கடை உயர்த்தியிருந்தார்கள்.

"வடிவாய் இருக்குது" என்றேன். உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நாங்கள் யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. பழைய வண்டியாக வாங்கிய அந்தப் பிக்கப்பை, வயல் வேலை இல்லாத காலத்தில் அவர் வாடகைக்கு ஓட்டுவார். நெல், வாழைக்குலை, ஓலை, சிலவேளை கல்யாணவீட்டுச் சாமான் எல்லாம் அதில் போகும்.

அடுத்த ஞாயிறு கிளிநொச்சிச் சந்தைக்குப் போனபோதுதான் மாற்றம் என் உடம்புக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் குழியில் இறங்கினால் வண்டி ஒருமுறை தணிந்து எழும்பும். இப்போது இறங்கவில்லை, இடித்தது. ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்பில் வந்து முட்டியது. மடியில் வைத்திருந்த தயிர்முட்டி பரந்தனுக்குப் போகுமுன்பே வெடித்து, என் சீலை முழுக்கத் தயிர். திருப்பங்களில் வண்டி முன்னைவிடக் கூடுதலாகச் சரிந்தது. நான் கதவின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன்.

"புதுத் தகடு. ஓட ஓடப் படிஞ்சிடும்" என்றார்.

எங்கள் வயல் நெல் ஏற்றிய நாளில் வேறொன்று நடந்தது. முன்பு மூட்டை ஏற்றினால் தூக்கலாக இருந்த பின்பக்கம் தணிந்து வண்டி மட்டத்துக்கு வரும். இப்போது வெறும் வண்டியாகவே மட்டமாக நிற்பதால், மூட்டை ஏற ஏற மூக்கு வானத்தைப் பார்த்தது. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் எஞ்சின் மூடிதான் தெரிந்தது, அதற்கு முன்னாலுள்ள வீதி தெரியவில்லை.

அன்று நான் வீதியைப் பார்க்கவில்லை, அவருடைய கைகளைப் பார்த்தேன். எப்போதும் ஒரு முழங்கையை வெளியே போட்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறவர், இரண்டு கைகளாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்தார். கைகள் ஓயவேயில்லை. நேரான வீதியிலும் சற்று இடம், சற்று வலம், மறுபடி இடம். முன்சில்லு குழியில் விழுந்தால் வண்டி தானாகவே இடப்பக்கம் இழுத்தது.

"என்னப்பா, இழுக்குதோ?"

"ஒண்டுமில்லை. றோட்டுச் சரியில்லை."

அதே வீதியில்தான் எத்தனையோ தரம் போய்வந்திருக்கிறோம். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அவர் வாடகைக்குப் போகும் நாட்களில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வீதியில் எந்த எஞ்சின் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்துவிடுவேன். உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்பதே மறந்துபோகும். அவர் வந்து இறங்கியதும், நான் காத்து நின்றது தெரியாமலிருக்க விளக்குமாற்றை எடுத்து முற்றம் கூட்டுவேன்.

அந்த நாட்களில்தான் முல்லைத்தீவிலிருந்து ஒரு மீனவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கருவாடு வாங்கப் போய் எங்களுக்குப் பழக்கமான வேதக்காரர், என் கணவரைவிட வயதில் மூத்தவர். அவருடைய மச்சான் இரணைமடுக் குளக்கரையில் குடிசை போட்டுக் குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இவரும் மனைவியும் அங்கே போய்விடத் தீர்மானித்திருந்தார்கள்.

"வள்ளத்தையும் கொண்டு போகவேணும் தம்பி. சின்ன வள்ளம்தான். உம்மட வண்டியில ஏத்தலாமோ?"

என் கணவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். பிறகு "ஏத்தலாம்" என்றார்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்.

"நாளைக்கு நீரும் வாறீரோ?"

வாடகை ஓட்டத்துக்கு என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கடல் பாக்கலாம்" என்றார்.

"ஓம், வாறன்" என்றேன். கடலுக்காக அவர் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. நான் பயப்படுகிறேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரும் பயப்படுகிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

முல்லைத்தீவுக் கடற்கரையில் ஆட்கள் கூடி வள்ளத்தைத் தூக்கி ஏற்றினார்கள். வள்ளத்தின் அரைவாசிதான் வண்டியின் பின்பெட்டிக்குள் கிடந்தது. மிச்சம் பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலை, சட்டி பானை, அரிசி, ஒரு நங்கூரக் கல் எல்லாவற்றையும் வள்ளத்துக்குள்ளேயே போட்டார்கள். என் கணவர் முன்பக்கம் வந்து, யாரும் பார்க்காதபடி, உள்ளங்கையால் வண்டியின் மூக்கை அமத்திப் பார்த்தார். புதுத் தகடு போட்டதிலிருந்து ஆள் ஏறி நின்றாலும் அசையாத மூக்கு, அந்த ஒரு கைக்கே தணிந்து எழும்பியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்ப்பதுபோல நின்றேன்.

மீனவர் பின்னால் வள்ளத்துக்குள் ஏறி உட்கார்ந்தார். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிட்டவ, முன்னால் என் பக்கத்தில் இருந்தா. கையில் செபமாலை. வண்டி புறப்பட்டதிலிருந்து ஒவ்வொரு மணியாக விரல்கள் நகர்ந்தன.

புதுக்குடியிருப்பு தாண்டியபின் இரண்டு பக்கமும் காடு. செம்மண் வீதி. மெதுவாகத்தான் போனோம். வலப்பக்கம் வளைகிற ஒரு திருப்பத்தில் எதிரே மாட்டுவண்டி ஒன்று வந்தது. அவர் ஸ்ரியறிங்கை வலப்பக்கம் திருப்பினார். வண்டி திரும்பவில்லை. இன்னும் திருப்பினார். அது நேரே போனது. முன்சில்லு திரும்பியிருக்கிறது, ஆனால் மண்ணைப் பிடிக்காமல் மேலால் வழுக்கிக்கொண்டு போகிறது என்பது என் காலடியில் தெரிந்தது.

"மாதாவே!" என்று அக்கா கத்தினா.

அவர் பிறேக்கை மிதித்தார். வண்டி பள்ளத்தின் விளிம்பில், இடப்பக்க முன்சில்லு பற்றைக்குள் நுழைந்தபடி நின்றது. எஞ்சினும் நின்றுவிட்டது. மாடுகள் மிரண்டு துள்ளுவதும் வண்டிக்காரர் அதட்டுவதும் கேட்டன.

யாருக்கும் ஒன்றுமில்லை. பின்னாலிருந்த மீனவரின் முழங்கை மட்டும் உரஞ்சியிருந்தது. என் கணவர் இறங்கவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நான் அவருடைய கையைத் தொட்டேன். வேர்வையில் நனைந்து பிசுபிசுத்தது.

"முன்சில்லில பாரம் இல்லை" என்றார் மெதுவாக. "எல்லாப் பாரமும் பின்னுக்கு. நான் திருப்பினாலும் அது கேக்காது."

அக்கா இறங்கிப்போய் வள்ளத்தைப் பார்த்தா. பயம் தெளிந்ததும் அவவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் கணவரைப் பார்த்துச் சொன்னா: "கடலில எல்லாரும் வள்ளத்தின்ர பின்னணியத்தில குந்துவமோ? முன்னுக்கு இழுத்துக் கட்டுங்கோவன்!"

மாட்டுவண்டிக்காரரும் கைகொடுத்தார். சாமான்களை இறக்கி, வள்ளத்தைக் கவிழ்த்து, அதன் தலைப்பக்கம் எங்கள் கூரைக்கு மேலால் முன்னே நீட்டும்படி தள்ளினார்கள். கயிற்றை முன்பம்பரில் கட்டினார்கள். நங்கூரக் கல்லும் அரிசியும் எங்கள் காலடிக்கு வந்தன. மூக்கு கொஞ்சம் தணிந்தது. அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப கேக்குது" என்றார்.

கேட்டதுதான். ஆனால் பாரம் இப்போது தலைக்கு மேலே. ஏற்கெனவே உயர்த்திய வண்டி, அதற்கு மேலே வள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி ஒருபக்கம் சாய்ந்து, யோசித்து, மெதுவாக நிமிர்ந்தது. சாய்ந்த வண்டி நிமிருமா என்று ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொப்புகள் வள்ளத்தில் உரசும்போது தலைக்கு மேலே யாரோ பலகையைச் சீவுவதுபோலக் கேட்டது. விசுவமடு கடந்து வெட்டவெளியான இடத்துக்கு வந்ததும் காற்று வேறு வள்ளத்தைப் பிடித்துத் தள்ளியது.

முரசுமோட்டையில் எங்கள் வீட்டுப் படலையடியில் அவர் வண்டியை நிறுத்தினார்.

"இறங்கி வீட்டை போம். நான் குடுத்திட்டு வாறன்."

நான் அசையவில்லை.

"இறங்கும் எண்டு சொல்லுறன்."

"நான் வீட்டில இருந்து என்ன செய்யிறது? றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? அதுக்கு இதுக்குள்ள இருக்கிறது நல்லம்."

அவர் கியரைப் போட்டார்.

பரந்தனில் திரும்பித் தார் வீதிக்கு வந்தோம். கிளிநொச்சி கழித்து இரணைமடுப் பாதையில் திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மச்சானின் குடிசைக்குப் போவதற்குக் குளக்கட்டில் ஏறி ஓரிடத்தில் திரும்பிக் கீழே இறங்க வேண்டும். கட்டுக்கு ஏறும் பாதை செங்குத்தாக இருந்தது. முழுவதும் சரளைக் கல்.

பெண்கள் இரண்டு பேரையும் இறங்கச் சொன்னார். இந்தத் தரம் இறங்கினோம். மீனவரும் இறங்கினார். என் கணவர் தனியாக ஏற்றத்தில் வண்டியை விட்டார். பாதித் தூரம் ஏறியிருக்கும், பாரம் முழுவதும் மறுபடி பின்னால் போய்விட்டது. வெளியே நின்று பார்த்ததால் எனக்கு வடிவாகத் தெரிந்தது. முன்சில்லுகள் கல்லின் மேல் நடனமாடின. இடப்பக்கச் சில்லு ஒருகணம் நிலத்தைவிட்டுக் கிளம்பிச் சும்மா சுழன்றது. வண்டியின் மூக்கு பாதையின் ஓரத்தை நோக்கித் திரும்பத் தொடங்கியது.

"விடுங்கோ! பின்னுக்கு விடுங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் பிறேக்கை விட்டு விட்டுப் பிடித்து, அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்கினார். அடியில் வந்து நின்றதும் வெளியே இறங்கி, ஏற்றத்தைப் பார்த்தபடி கனநேரம் நின்றார். எல்லாவற்றையும் இறக்கித் தூக்கிக்கொண்டு போவோம் என்றார் மீனவர். நாலு பேரால் அந்த வள்ளத்தை அந்த ஏற்றத்தில் தூக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

என் கணவர் திடீரென்று என்னைப் பார்த்தார்.

"பின்பக்கமாய் ஏத்துறன். அப்ப முன்பக்கம் பள்ளத்தில இருக்கும். பாரம் தானாய் முன்சில்லுக்கு வரும்."

"பின்னுக்கு உங்களுக்கு ஒண்டும் தெரியாதே. வள்ளம் மறைக்குது."

"நீர் சொல்லும். நீர் சொல்லுறபடி திருப்புறன்."

வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை ஏற்றத்துக்குக் காட்டி நிறுத்தினார். நான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அவருக்குத் தெரியும்படி பாதையின் ஓரமாக மேலே நின்றேன். இடது எது, வலது எது என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மீனவர் பின்சில்லுக்குக் கல் வைக்க ஒரு பக்கத்தில் நடந்தார்.

"வாங்கோ... நேரே வாங்கோ... கொஞ்சம் வலப்பக்கம். காணும், போதும்! நேரே."

பின்சில்லு ஒருதரம் சறுக்கிக் கல்லைச் சிதறடித்தது. மீனவர் கல்லைத் திணித்தார். முன்சில்லுகள் மட்டும் ஒட்டியதுபோல நிலத்தில் இருந்தன. நான் சொல்லும் பக்கமெல்லாம் அவை சொன்னபடி திரும்பின. பின்னுக்கு நடந்தபடியே மேலே ஏறினேன், என் கண் அந்தச் சில்லுகளைவிட்டு அகலவில்லை. எனக்குப் பின்னால் குளம் வந்துவிட்டதை, காற்று முதுகில் பட்டபோதுதான் உணர்ந்தேன்.

"நில்லுங்கோ! கட்டு வந்திட்டுது!"

வண்டி நின்றது. அக்கா கீழேயிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. எனக்கு அழுகை வரவில்லை.

மச்சானும் ஆட்களும் வந்து வள்ளத்தை இறக்கி அங்கேயே தண்ணீரில் விட்டார்கள். மீனவர் ஏறித் துடுப்புப் போட்டு ஒரு வட்டம் வந்தார். கடலில் ஓடிய வள்ளம் அந்த அமைதியான தண்ணீரில் எப்படிப் போகிறது என்று எல்லாரும் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் வண்டியின் நிழலில் குந்தியிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"உமக்குச் சொல்லேல்லை" என்றார். "முதல் நெல்லு ஏத்தின நாளே எனக்குத் தெரியும். வெறும் வண்டியா நிக்கேக்க வடிவாய் இருக்குது, ஆனா ஓட்டேக்க என்ர கையில இல்லை."

"எனக்கும் தெரியும்" என்றேன்.

அடுத்த கிழமை இரண்டு பேருமாக மாங்குளத்துக்குப் போனோம். இரும்புக் கட்டைகளையும் கூட்டிய தகடுகளையும் கழற்றச் சொன்னார். கராஜ்காரர், பாதி உயரமாவது வைக்கலாமே என்றார். இவர் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. எல்லாம் கழன்றது. மாரியில் தண்ணீர் நின்றால் வற்றும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்தோம். அப்படியே காத்தும் இருந்தோம், சிலவேளை இரண்டு மூன்று நாட்கள்கூட.

ஆனால் அந்தப் பயம் தகடோடு கழன்று போகவில்லை. அவர் மறுபடி ஒற்றைக் கையால் ஓட்டத் தொடங்கியபிறகும், திருப்பம் வந்தால் என் கண் முதலில் அவர் கைகளுக்குத்தான் போகும். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் இருக்கும்போது, வலப்பக்கத் திருப்பங்களில் மட்டும், வெளியே போட்ட கையை உள்ளே எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார்.