வெப்பக் கேமராவில் தெரிந்த பழுது

இன்று மத்தியானம் மடுல்சீமையில் உள்ள எங்கள் பாடசாலையின் ஒரே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பதுளையில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அடுத்த வாரம் பிள்ளைகளுக்குக் கணினிச் செயன்முறைப் பரீட்சை. இது எழும்பாவிட்டால் மடுல்சீமைக்கு வேறொன்று வரப்போவதில்லை.

கடைக்கார நானா கணினியைத் திறந்து, உள்ளே இருந்த போர்டுக்கு மின்சாரம் கொடுத்து, போனில் செருகிய சின்ன வெப்பக் கேமராவை மேலே பிடித்து, நன்றாகக் குனிந்து பார்த்தார். எங்கே சூடேறி வெள்ளையாகத் தெரிகிறதோ அங்கேதான் பழுதாம். கேமரா மலிவாக வாங்கியதாம்.

"இந்தா பாருங்க டீச்சர், நடுவுல வெள்ளையா தெரியுது. மெயின் சிப் போயிட்டு. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

பார்த்தேன். சிப்பின் பளபளப்பான மேற்பரப்பில் அந்த வெள்ளை, அவர் தலை அசையும்போதெல்லாம் கூடவே அசைந்தது.

"நானா, கொஞ்சம் பின்னுக்குப் போங்க."

"ஏன்?"

"போங்களேன்."

போனார். வெள்ளையும் போய்விட்டது. அதுவரை நாங்கள் பார்த்தது அவருடைய முகத்தின் சூடு, சிப்பில் பட்டுத் திரும்பியது.

 நானா சிப்பின் பளபளப்பு மறைய அதன் மேல் டேப் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று கையை மட்டும் நீட்டிக் கேமராவைப் பிடித்தார். ஓரத்தில் கடுகளவு கப்பாசிட்டர் ஒன்று சூடாகத் தெரிந்தது. அதை மாற்றினார். கணினி எழும்பியது.

"டீச்சர், இத வெளிய சொல்லிராதீங்க," என்றார் சிரித்துக்கொண்டே.

அதனால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் பதுளையில் யாராவது உங்களிடம் 'மெயின் சிப் போயிட்டு' என்று சொல்லியிருந்தால், அந்தக் கணினியை இன்னும் எறிந்துவிடாதீர்கள்.