முதலில் நடந்து பார்ப்பேன்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்காகத் தெரிந்தவை இரண்டுதான். ஒன்று கவலைப்படுவது, இன்னொன்று அப்பாவின் டிராக்டர்.

கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள்தான் சின்ன வயதிலிருந்து மட்கார்டில் உட்கார்ந்து, அப்பாவின் கையையும் காலையும் பார்த்தே வண்டி பழகினேன். பத்தொன்பது வயதில் லைசென்சும் எடுத்தேன். ஆனால் ரோட்டில் ஓட்டுவது வேறு, பாகூர்ப் பக்கத்துச் சேற்றில் இறங்குவது வேறு.

அந்த வருஷம் அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். இனி டிராக்டரில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பா மறுநாளே வந்துவிட்டார்.

"வித்துடலாம்ணா. ஓட்டறதுக்கு ஆம்பளப் புள்ள வேணும்ல."

"நான் ஓட்டறன்" என்றேன்.

"நீயா? பல்லியப் பாத்துட்டு வூட்டுக்கு வெளிய நிக்கிறவ."

அது உண்மைதான், மறுக்கவில்லை. அப்பா, "ஒரு கழனி ஓட்டட்டும். சேத்துல மாட்டிக்கிச்சின்னா வித்துடலாம்" என்றார்.

அந்த ஒரு கழனி ஏரிக்குக் கீழே இருந்த பள்ளம். நடவுக்குச் சேறடிக்க வேண்டும். சேற்றில் சக்கரம் புதையாமலிருக்க இரும்புக் கேஜ் வீலை மாட்டி, போல்ட்டுகளை மூன்று தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுப் போனேன். வரப்பில் நிலத்துக்காரரும் சித்தப்பாவும் நின்றார்கள். பக்கத்தில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் வண்டியை அணைத்தேன். பேண்ட்டை மடித்துவிட்டு, ஒரு சவுக்குக் கழியோடு சேற்றில் இறங்கினேன்.

"இன்னாமா, கோலத்துக்குப் புள்ளி வெக்கறியா?" என்றார் நிலத்துக்காரர். சித்தப்பா சத்தமாகச் சிரித்தார்.

கழியைக் குத்திக் குத்தி முழுக் கழனியும் நடந்தேன். எல்லா இடத்திலும் முழங்காலுக்குக் கீழேயே கழி நின்றது. வடக்கு மூலையில் மட்டும் இடுப்பளவு உள்ளே போனது. அதைச் சுற்றி நாலு குச்சி நட்டேன். பிறகுதான் வண்டியில் ஏறினேன்.

முதல் சுற்றில் அடிக்கொரு தடவை திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை. சேறு வெண்ணெய் மாதிரி மடங்கி விழுந்தது. குச்சி நட்ட மூலையை விட்டுவிட்டு மேலே ஏறினேன்.

"அந்த மூலைய இன்னாத்துக்கு வுட்ட?" என்றார் நிலத்துக்காரர்.

"பயந்துட்டா" என்றார் சித்தப்பா.

"ஆமா, பயந்துட்டன். நீங்களே குத்திப் பாருங்க."

நிலத்துக்காரர் குத்தினார். கழியைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. "போன வருஷம் வந்தவன் இங்கதான் மாட்டினான். ரெண்டு வண்டி வெச்சி இழுத்தோம்" என்றார்.

"அத்த மொதல்லயே சொன்னா இன்னாவாம்?" என்றாள் நாற்றுக் கட்டோடு நின்ற ஓர் அக்கா. நிலத்துக்காரர் அந்த மூலையை ஆள் வைத்து மண்வெட்டியால் கொத்திக்கொண்டார்.

சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது. சித்தப்பாவும் காபி குடித்துக்கொண்டு அங்கேதான் இருந்தார். அப்பா, "வண்டியா? இரு, டிரைவர்கிட்ட பேசு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கி மேலக் கழனிக்கி வந்துடும்மா" என்றார் நிலத்துக்காரர்.

"ஆறு மணிக்கி வரன். ஆனா மொதல்ல நடந்து பாப்பன்."

"பாரு, பாரு. கழி நானே வெட்டி வெக்கிறன்."

போனைக் கொடுத்துவிட்டு, டீசல் மூடியைப் பார்க்க எழுந்தேன்.

"இப்பதான மூடின" என்றார் சித்தப்பா.

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய், இன்னொரு தடவை திருகினேன்.