சாயாத நாற்காலி

பட்டுக்கோட்டையில் பேப்பர் திருத்திவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த வைக்கோல் லாரிக்கு ஒதுங்கப் போய், வாய்க்கால் மதகுச் சுவரில் மோதினேன். கழுத்து முறிந்தது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். உயிர் பிழைத்துவிட்டேன். ஆனால் மார்புக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் தெரியாது. தோள் அசையும், முழங்கை மடங்கும். விரல்கள் எதையும் பற்றாது.

அப்பா, அம்மா இல்லை. கல்யாணமும் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். விபத்துக்குப் பிறகு மூன்று வருடம் என்னைக் குளிப்பாட்டி, மலம் எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டிலில் புரட்டிப் படுக்க வைத்தவர் அண்ணி. அவருடைய அப்பா முத்துப்பேட்டையில் இறந்தபோது காலையில் போய், எடுத்தவுடன் கிளம்பி சாயங்காலமே வந்துவிட்டார். கருமாதிக்குப் போகவே இல்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் வருடக் கடைசியில் பேட்டரி நாற்காலி வந்தது. கைப்பக்கம் இருந்த குமிழை மணிக்கட்டால் தள்ளினால் போதும், நகரும். பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினால் நாற்காலி அப்படியே பின்னால் சாயும். கொண்டுவந்து பொருத்தியவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அரை மணிக்கு ஒருவாட்டி சாச்சுக்குங்க மேடம். ஒரே எடத்துல பாரம் நின்னா தோல் செத்துடும். உங்களுக்கு வலிக்காது, அதனால தெரியவே தெரியாது."

முதல் நாள் தெருவுக்குப் போனபோது அண்ணி பின்னாலேயே வந்தார். மளிகைக்கடை தாண்டியதும், "நீங்க போங்கண்ணி, நான் வந்துடுவேன்" என்றேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். உள்ளங்கையில் பட்டை கட்டி அதில் பேனாவைச் செருகிக்கொள்வேன். வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளும். அதை வகுப்பில் இருந்த டிவியில் காட்டிக் கணக்கு நடத்தினேன். காலையில் அண்ணனும் அண்ணியும் என்னைத் தூக்கி நாற்காலியில் வைப்பார்கள். சாயங்காலம் இறக்குவார்கள். நடுவில் இருந்த பொழுது முழுக்க என்னுடையது. அண்ணி பட்டுக்கோட்டையில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரின் தலையில் பூ இருந்தது. அவர் பூ வைத்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். கணக்கு டீச்சரான எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு புயல் வந்தது.

விடிந்து கதவைத் திறந்ததும் வெளிச்சத்தில் கண் கூசியது. எங்கள் வீட்டைச் சுற்றி எப்போதும் நிழல்தான் இருக்கும். அன்று வானம் மட்டும் இருந்தது. அண்ணனின் தோப்பில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துக் கிடந்தன. அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டியபடி வாசலில் உட்கார்ந்தார். மதியம்வரை எழவில்லை.

மின்கம்பங்கள் தெரு முழுக்க முறிந்து கிடந்தன. மோட்டார் ஓடாமல் குழாயில் தண்ணீர் இல்லை. அண்ணி அடிபம்பில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தூக்கி வந்தார். இரண்டாம் நாள் மதியம் என் நாற்காலியின் சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. அதற்குப் பிறகு அது நகரவில்லை. சாயவும் இல்லை.

நான்காம் நாள் யாரோ ஒருவர் வேனில் ஜெனரேட்டர் கொண்டுவந்து, கோயில் முனையில் வைத்து செல்போன்களுக்கு சார்ஜ் போட்டார். நான் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, நாற்காலி பேட்டரிய அங்க கொஞ்ச நேரம் போட முடியுமா?"

அண்ணன் என்னைப் பார்க்காமலே பேசினார். "எட்டு மணி நேரம் ஆவும் அதுக்கு. அவனவன் வெளிநாட்டுல இருக்குற புள்ளைக்கு உசுரோட இருக்கேன்னு சொல்ல நிக்கிறான். அங்க போயி சேருக்குப் போடுன்னு எப்புடிக் கேக்கறது?" கொஞ்சம் நிறுத்தி, "முந்நூறு மரம் கெடக்கு. ஒனக்கு சேரு கவலை" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்றுதான் அப்போது தோன்றியது. அண்ணி மட்டும் முந்தானையை உதறிக்கொண்டு கோயில் முனைக்குப் போனார். திரும்பி வந்து, "நூறு பேரு நிக்கிறாங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

நாற்காலி சாயாவிட்டால் என்னைக் கட்டிலில் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முன்பு செய்ததுபோல. ஆனால் அண்ணியின் கைகளைப் பார்த்தேன். குடம் தூக்கித் தோள்பட்டை வீங்கியிருந்தது. அடுப்பு விறகுக்கு மட்டை வெட்டி உள்ளங்கை கிழிந்திருந்தது. "கட்டில்ல போடவா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணி. உக்காந்தாதான் எனக்கு நல்லாருக்கு. நானே கையை ஊணி ஒடம்பத் தூக்கிக்கிறேன்" என்றேன்.

அது பொய். என் கைகளுக்கு அந்த பலம் கிடையாது. காலை முதல் இருட்டும்வரை ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எட்டு நாள். வலிக்கவில்லை. மறுபடியும் பாரமாக மாறுவதைவிட அது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணி துடைத்துவிடும்போது, "பின்னாடி பாக்க வேணாம், நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. அண்ணி என்னைப் புரட்டினார். சேலையால் மூக்கை மூடியது தெரிந்தது. நான்தான் கேட்டேன்.

"என்ன அண்ணி?"

"எலும்பு தெரியுது" என்றார். அப்புறம் கட்டிலில் ஓங்கி அறைந்தார். "ஏன்டி சொல்லலை? மூணு வருஷம் ஒரு புண்ணு வர விட்டேனா ஒனக்கு? ஒரு புண்ணு? ஏன்டி எங்கிட்ட பொய் சொன்னே?"

எங்கள் தெருவில் இன்னும் கிடந்த மரங்களை அறுத்து வழி பண்ணி, ஒரு டிராக்டரில் பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்புவரை சீழ் வைத்திருந்தது. இரண்டு முறை அறுவை செய்தார்கள். நான்கு மாதம் குப்புறப் படுத்திருந்தேன். தரையின் மொசைக் கற்களையும் வந்துபோகிறவர்களின் பாதங்களையும் மட்டுமே பார்த்தேன். அண்ணி என் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். தையல் கடையில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் வாரம் ஒருமுறை வருவார். விழுந்த மரங்களைச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டதாகச் சொன்னார். ஒருநாள் என் தலைமாட்டில் உட்கார்ந்தபோது அவர் பாதம் மட்டும் தெரிந்தது.

"அன்னைக்கு நானே போயி அந்த ஜெனரேட்டர்காரன்கிட்ட நின்னுருக்கணும்" என்றார்.

"நானும் சொல்லியிருக்கணும்ணே."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் என்ன செய்வது? விருப்ப ஓய்வுக் கடிதத்தை போனில் நானே சொல்லி எழுதினேன். அது 'விருப்ப ஓய்வு' என்பதை 'விருப்ப ஆய்வு' என்று எழுதியது. மூன்று தடவை திருத்திச் சொன்னேன். நான்காவது தடவை சரியாக எழுதியது.

நாற்காலிக்குப் புது பேட்டரி மாற்றினோம். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தோம். தோப்பில் அண்ணன் வைத்த கன்றுகள் இப்போது இடுப்பளவு நிற்கின்றன.

போன மழைக்காலத்தில் மறுபடியும் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. சாய்தளம் உள்ள வேனுக்கு போன் செய்தேன். தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் கீழ்த்தள அறை எடுத்தேன். தூக்கிவிட, புரட்டிப்போட ஒரு நர்சம்மாவை அமர்த்தினேன். "நானும் வர்றேன்" என்று அண்ணி பையை எடுத்தார். "வீட்டப் பாருங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

லாட்ஜில் குளியலறைக் கதவு நாற்காலிக்குப் பத்தாது. இரண்டு நாளும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டதுதான் குளியல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். ஆனால் கரண்ட் இருந்தது. புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது என்று மூன்றாம் நாள் காலை அண்ணன் போன் செய்தார்.

"இங்க ஒரு எலகூட ஆடலை. வெட்டி அலைச்சல்."

"சரிண்ணே. மத்தியானம் வேன் வருது."

அண்ணி போனை வாங்கினார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"அந்தம்மா பின்னாடி பாத்தாங்களா?"

"காலையிலயும் ராத்திரியும் பாத்தாங்க அண்ணி. செவப்பு எதுவும் இல்லை."



"போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றார்.

நர்சம்மாவிடம் சொல்லி எடுத்து அனுப்பினேன்.