பதுவாவுக்குக் கொண்டுபோன முடி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பதுவா ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் ஐந்து பேர்: மலாயாவில் எங்கள் கூலாய் ரப்பர் தோட்டத்துத் துரை, துரைசானி, அவர்களுடைய ஐந்து வயது மகள், அந்தப் பிள்ளையின் ஆயா சவரியம்மா அக்கா, டிரைவராகிய நான். கார் மட்டும் இல்லை. துரை மிலானில் புதுக் கார் வாங்கி அதிலேயே பாரிஸ் வரை போகப் போகிறார். அதற்காகத்தான் என்னைக் கப்பலேற்றினார். அதுவரை நான் பெட்டி தூக்குகிறவன்.

வெனிசிலிருந்து பதுவா இருபத்து மூன்று மைல். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஏழு லீரா. நம் மலாயாக் காசு ஒரு வெள்ளிக்குப் பத்து லீராவுக்கு மேல் கிடைக்கும். வழியெல்லாம் பனிமூட்டம், ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. கப்பலை விட்டு இறங்கிய துரைக்கு அன்றுதான் லீவின் முதல் நாள். எனக்கு வேறு வேலை இருந்தது.

என் மகன் சின்னப்பனுக்கு ஒன்றரை வயது. மலேரியா விட்டு விட்டு வந்து, வயிறு கட்டிப்போய், நடந்துகொண்டிருந்த பிள்ளை உட்கார்ந்துவிட்டான். "கோடி அற்புதரே, அவன் எழுந்து நடந்தால் பிறந்த முடியும் ஐந்து வெள்ளியும் உமக்கு" என்று நானும் என் மனைவி லூர்தும் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டோம். துரை போகும் ஊர்களில் அந்தோணியாரின் பதுவாவும் இருக்கிறது என்று தெரிந்ததும் லூர்து அவசரப்பட்டு முடியை இறக்கி, வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்துவிட்டாள். பிள்ளை நடக்கவில்லை, காய்ச்சலும் நிற்கவில்லை. காரியம் ஆகுமுன்னே காணிக்கை கொண்டுபோகலாமா? கப்பலில் எனக்கு இதே யோசனைதான். சிங்கப்பூரை விட்டு மூன்று வாரத்துக்கு மேலாகிறது, வீட்டிலிருந்து ஒரு கடிதமும் இல்லை.

ஓட்டலில் பெட்டிகளை இறக்கிவைத்த பின், பத்து மணிக்கு, சுவரெல்லாம் சித்திரம் எழுதிய ஒரு சிறு கோயிலைப் பார்க்கத் துரைசானி மகளோடு கிளம்பினார். துரை எங்களிடம் தோட்டத்துத் தமிழில், "நீ ரெண்டு பேர் சாமி கோயில் போ. மூணு மணி ஓட்டல் வா. தொலஞ்சி போகாதே" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கோயிலுக்கு ஒன்றேகால் மைல். டிராம் அரை லீராதான், ஆனாலும் வேறெங்கோ இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று நடந்தே போனோம். தெருவின் இரு பக்கமும் வீடுகளுக்கடியில் தூண் நிறுத்திய நடை. ஜொகூர் பாருவில் கடைவாசல்களை ஒட்டி ஓடும் அஞ்சடி நடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாக்கு மூட்டை கிடையாது, காப்பிக்கடைச் சத்தம் கிடையாது, நம் காலடியே நம்மைத் துரத்துகிறது. கோயில் தெரிந்ததும் இன்னொரு பயம். குவிமாடங்களும் ஊசிக்கோபுரங்களுமாக அது பள்ளிவாசல் மாதிரியே இருந்தது. சிலுவையைக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன்.

"ஏன் தம்பி, இது துரை ஊரு. போட்டுக்கிட்டே வா" என்றார் அக்கா.

"கோயிலுக்குள்ளயா அக்கா?"

"அப்ப விட்டுட்டு வா. திரும்பி வந்தா இருக்காது. பாரிஸ் வரைக்கும் வெறுங்கால்ல கார் ஓட்டு."

கையில் எடுத்துக்கொண்டு போனேன். தரைக்கல் ஐஸ் மாதிரி.

கோயிலுக்கு எழுநூறு வயதாம். அந்தோணியாரின் கல்லறைக்குப் பின்புறம் ஜனங்கள் வரிசையாக வந்து கல்லில் கை வைத்து நிற்கிறார்கள். பக்கத்துச் சுவரில் குணமானவர்களின் ஊன்றுகோல்கள், வெள்ளியில் செய்த இருதயங்கள், பிள்ளைகளின் போட்டோக்கள். என் முறை வந்ததும் முடிச்சைக் கல்லில் வைத்தேன். கறுப்பு அங்கி போட்ட வயதான சாமியார் ஒருவர் அதை எடுத்துப் பிரித்தார். முகம் மாறிவிட்டது. என் நெற்றியில் சிலுவை போட்டார். காசு கேட்காமலே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து, இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அக்காவுக்கு பங்களா இங்கிலீஷ் நன்றாக வரும். ஆனாலும் மெழுகுவர்த்தியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"என்னக்கா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்கக்கா."

"இந்த ஊர்ல, செத்த பிள்ளையோட முடியைத்தான் இப்படி எடுத்து வச்சிக்குவாங்களாம். பேரு கேக்குறாரு. ஆத்துமத்துக்கு ஜெபம் பண்ண."

என் கையிலிருந்த சப்பாத்து கீழே விழுந்தது. "உயிரோட இருக்கான்னு சொல்லுங்கக்கா!"

அக்கா சொன்னார். கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சாமியார் என்னைப் பார்த்து இன்னொரு வார்த்தை கேட்டார். நிச்சயமாகவா என்றுதான் கேட்டிருப்பார். மூன்று வாரமாகக் கடிதம் காணாதவன் எப்படித் தலையாட்டுவது? எனக்காக அக்கா ஆட்டினார்.

சாமியார் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். ஏற்றியதை அணைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு முடிச்சைத் திரும்பக் கட்டி, குணமான பிள்ளைகளின் போட்டோக்களுக்கு நடுவில் ஓர் ஆணியில் மாட்டினார். அங்கே இருந்த முடி அது ஒன்றுதான்.

கல்லறைக்குப் பக்கத்தில் உண்டியல் இருந்தது. ஐந்து வெள்ளி நோட்டை எடுத்தேன். கை போகவில்லை.

"போடு தம்பி. எந்த ஊர்க் காசா இருந்தா என்ன?"

"முடி குடுத்தாச்சு. காசையும் குடுத்துட்டா சாமிக்கு நம்ம வீட்டுல என்னக்கா வேலை?"

"அடப்பாவி! அந்தோணியாருக்கே கடன் சொல்றியா?"

"நடந்தாத்தானே குடுக்கறதாப் பேச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெளியே பனி இன்னும் விலகவில்லை. மூவார் ஆற்றின் மேல் விடியற்காலை நிற்கும் பனி வெயில் ஏறினால் போய்விடும். இங்கே மணி பன்னிரண்டாகியும் வெயிலே இல்லை. கூலாயில் இந்நேரம் விளக்கு வைத்திருப்பார்கள். லூர்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டேன். நோட்டை நாலாக மடித்து, முடிச்சு இருந்த உள்பையில் வைத்துப் பொத்தான் மாட்டினேன். கோடி அற்புதருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது ஐந்து வெள்ளி.