கொலின்ஸ் வான் பழகிய மூன்று கிழமை

ஓலைத்தொடுவாயில் இருபது வருடமாகப் படகு ஓட்டுகிற கொலின்ஸ், வான் ஓட்டப் பழக ஏறிய முதல் நாளே அதைக் கொண்டுபோய் வேலியில் முட்டினான். ஆள் ஒன்றும் மடையன் இல்லை. கடலில் எஞ்சின் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். அந்தப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. றோட்டில் இடப்பக்க வளைவு வந்தால் கை தன்பாட்டில் ஸ்டேரிங்கை வலப்பக்கம் இழுத்தது.

பழக்கியவள் மனைவி செலீனா. அந்த வானில் உயிலங்குளம் வரை மீன் கொண்டுபோய் விற்கிறவள். இப்போது ஒன்பதாம் மாதம். வயிறு ஸ்டேரிங்கில் இடிக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் முதல் பிள்ளைக்கு வலி கண்டபோது கொலின்ஸ் கடலில் நின்றான். சொல்லிவைத்த ஆட்டோ வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் அடம்பிடித்து வான் பழகினாள். இந்த மாதம் அவன் கடலுக்கே போகவில்லை.

“மணிக்கூட்டில ஒம்பதும் மூண்டும் இருக்கிற இடத்தில கையை வையுங்கோ. ஒரு கை இழுக்க மற்றது வழுக்கி வரவேணும். கையைப் பாக்காதேங்கோ, றோட்டைப் பாருங்கோ.”

“எடியே, நான் பாக்காட்டி அது வேலிக்குப் போகுது!”

கடலில் சூரன், கரையில் நண்டு என்று அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

மூன்றாம் கிழமை, ஒரு காலையில் வலி கண்டது. பழகுநர் ‘எல்’ பலகை கட்டிய வானில் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, அந்தோனியாரே என்று எடுத்தான். தோட்டவெளி வளைவில் நாலு கழுதைகள் குறுக்கே வந்தன. செலீனா வலியில் கத்தினாள். கொலின்ஸ் வேகத்தைக் குறைத்து, விலத்தி எடுத்து, வானை நேராக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒன்பதரைக்குப் பெண் பிள்ளை பிறந்து வீரிட்டு அழுதது. அவனும் வெட்கமில்லாமல் அழுதான்.

கட்டிலடியில் குந்தியிருந்து கேட்டான்: “கழுதை வந்த இடத்தில என்ர கை எந்தப் பக்கம் போனதெண்டு எனக்கே தெரியாது. நீ பாத்தனியோ?”

“இல்லை. நான் உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்.” செலீனா பிள்ளையை அவன் பக்கம் திருப்பினாள். “முதல் பிள்ளைக்கு வலி கண்ட அண்டைக்கு எனக்குப் பாக்க இந்த முகம் இருக்கேல்ல.”