ஞாயிற்றுக்கிழமை திறக்காத கொட்டகை

எங்கள் பண்ணையில் மண்வெட்டி, கோடாலி, கடப்பாரை, அரிவாள் எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் கழுவிக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசை பார்க்கப் போகிற நாள் என்பதால் அன்று கொட்டகையைத் திறப்பதே இல்லை.

இந்தக் கட்டுப்பாடு வந்ததற்குக் காரணம் என் நைனா. நாலு குடும்பமாகச் சேர்ந்து பொதுவில் பயிர் வைக்கத் தொடங்கிய புதிதில், கிணற்றுத் தண்ணீர் முதலில் எந்தப் பாத்திக்கு என்று நைனாவுக்கும் மாமாவுக்கும் தகராறு வந்தது. மாமா அம்மாவின் தம்பி. "எங்க அக்காவக் குடுத்தோம், தண்ணியயும் குடுக்கணுமா மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தார். நைனா கையிலிருந்த மண்வெட்டி இறங்கிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் பாத்தி வரைக்கும் சிவப்பாகப் போனதை நான் பார்த்தேன். மாமா பிழைத்தார், வலது கை பிழைக்கவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்கியது. போலீசுக்குப் போக அவர் சம்மதிக்கவில்லை. எல்லோரும் கூடிப் பேசி, வெட்டியவன் எவளுக்குப் புருஷனோ, வெட்டுப்பட்டவன் எவளுக்குத் தம்பியோ, அவளிடமே சாவி இருக்கட்டும் என்றார்கள்.

மாமாவுக்கு மலைக் காவல் கொடுத்தார்கள். செஞ்சிக் கோட்டைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குன்றை மொட்டையடித்து விறகு விற்றவர்கள் எங்கள் ஆட்கள்தான். பிறகு மழை பெய்தபோதெல்லாம் கல்லும் மண்ணும் உருண்டு வந்து, வேர்க்கடலை விதைத்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையை மூடின. அப்போதுதான் புத்தி வந்தது. ஆடுகளைக் கட்டிப் போட்டு, சரிவில் வேம்பும் புங்கமும் வைத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினோம். நானும் சுமந்தேன். மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு கரி மூட்டம் போடுகிற காண்ட்ராக்டர் ஒருவன் விலை பேச வந்தான். மாமா துரத்திவிட்டார்.

நான் பதினொன்றாம் வகுப்புத் தேறிய வருஷம் அது. எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதை யாரும் மறந்துவிடாதபடி நான் நடந்துகொள்வேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து மற்றவர்கள் அனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். நைனாவும் அம்மாவும் நானும், பண்ணை ஆண்கள் இரண்டு பேரும் மட்டும் திரும்பினோம். தூரத்திலேயே கோடாலிச் சத்தம் கேட்டது. பாதிச் சரிவு வெட்டிக் கிடந்தது. கீழே மாமாவைத் தள்ளி அந்தக் காண்ட்ராக்டரின் ஆட்கள் மூன்று பேர் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அவருடைய செத்த கையின் மேல் ஏறி நின்று, "இதுல வலிக்குதாடா காவக்காரா?" என்று கேட்டான்.

நைனா கொட்டகைக்கு ஓடினார்.

"சாவியக் குடுமே."

"குடுக்கமாட்டேன்."

"இன்னாமே, கண்ணு தெரியல? உன் தம்பியக் கொல்றானுங்க."

"தெரியுது. வெறுங்கையோட போ."

"அவனுங்க கோடாலி வெச்சிருக்கானுங்க."

"இருக்கட்டும். நீ ஒருதபா எறக்குனதே போதும்."

நைனா அறைந்தார். அம்மாவின் உதடு கிழிந்தது. இரண்டாவது அறையில் விழுந்தாள். சாவி அடியில் இருக்கும்படி குப்புறப் படுத்துக்கொண்டாள். நைனா முடியைப் பிடித்து இழுத்தார். "குடுத்துடு அண்ணி" என்று மற்ற இருவரும் கெஞ்சினார்கள். நானும் கெஞ்சினேன்.

"படிச்சவளே, நீ பேசாத" என்றாள், மண்ணில் முகத்தை வைத்தபடி.

நைனா கதவை உதைத்துப் பார்த்தார். அவரே இழைத்த கதவு, அசையவில்லை. அப்புறம் வெறுங்கையோடு ஓடி மாமாவின் மேல் கவிழ்ந்து விழுந்தார். தடிகள் அவர் முதுகில் இறங்கின. விலா எலும்பு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் கல் பொறுக்கி எறிந்தேன். ஒருவன் புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் வடிந்தது. கோடாலிக்காரன் என் பக்கம் திரும்பினான். எங்கள் யார் கையிலும் ஆயுதம் இல்லை என்று கண்டதும் கோடாலியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்புறத்தால் நைனாவை இன்னும் இரண்டு அடி அடித்தான். மரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் நைனாவுக்கும் மாமாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"அன்னிக்கு மம்பட்டி இருந்துச்சி, என்ன வெட்டுன. இன்னிக்கி இல்ல, நீ ஒத வாங்குன. நம்ம ரெண்டு பேருக்கும் எப்பவும் ராசி இல்ல மச்சான்" என்றார் மாமா.

"சிரிக்க வெக்காதடா, எலும்பு குத்துது."

ஆனால் கஞ்சி கொண்டு வந்த அம்மாவிடம் நைனா பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் பண்ணைக் கூட்டம் நடந்தது. சாவியை அம்மாவிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். "இந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க. படிச்சது, வெவரம் தெரியும்" என்று ஒருவர் என்னைக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுந்து நின்றேன்.

"என்கிட்ட இருந்தா நான் தெறந்துடுவேன். ஞாயித்துக்கெழமயா இருந்தாலும் தெறந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பேன். அது தெரிஞ்சிக்கினு குடுங்க."

எல்லோரும் மாமாவின் தொங்குகிற கையைப் பார்த்தார்கள்.

"அவகிட்டயே இருக்கட்டும்" என்றார் நைனா.

அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். "காலைல கொல்ல கொத்தணும். வெள்ளன வந்து மம்பட்டி வாங்கிக்கிங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். உதட்டுத் தையல் இன்னும் பிரிக்காததால் வார்த்தைகள் கோணலாக வந்தன.