துரய்யா இல்லாத நாற்பது நாள்

எங்கள் ஊரில் ஃபலஜ் கால்வாயின் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிடுகிறவர் என் வீட்டுக்காரர் நப்ஹான். ஊரே ஆரிஃப், அதாவது விவரம் தெரிந்தவர், என்று கூப்பிடும். பகல் முறைக்குக் கோலின் நிழல், இரவு முறைக்கு நட்சத்திரம். கைக்கடிகாரம் கட்டி நான் பார்த்ததே இல்லை. கணக்கில் அவரை அசைக்க முடியாது. ஆளை எடைபோடுவதில்தான் கோட்டை விடுவார்.

போன மே மாதம், அனல் கொளுத்துகிறது. பக்கத்துத் தோட்டத்து ஹமூத் வந்து நின்றான். மஸ்கத்தில் இருபது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரிய மனுஷன்.

"ராத்திரி என் முறையில ஸுவைனா மடையைத் திறந்து தண்ணியைத் திருடிட்டா. என் கண்ணால பாத்தேன்!"

ஸுவைனா கணவனை இழந்தவள். எலுமிச்சைத் தோட்டத்தை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். "நான் அந்தப் பக்கமே போகலை" என்று கத்தினாள். இவர் அவள் முறையை நிறுத்திவிட்டார். எட்டே நாளில் கன்றுகளின் இலை சுருண்டது.

அந்த எட்டாம் நாள் மாலை ஹமூத் எங்கள் வீட்டில் பேரீச்சம்பழமும் காபியுமாக உட்கார்ந்து, அதே கதையைக் கண், காது, மூக்கு வைத்து அளந்தான்.

"அப்பத்தான் துரய்யா மலைக்கு மேல தலை காட்டுச்சு. அந்த நேரம் பாத்து மடையைத் திறக்கிறா, திருடி!"

துரய்யா என்றால் கார்த்திகை நட்சத்திரம். இவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"துரய்யாவா? நல்லாப் பாத்தியா?"

"பளபளன்னு தெரிஞ்சுதே!"

"ஏம்ப்பா, துரய்யா ஏப்ரல் கடைசியிலயே சூரியனோட மறைஞ்சு போச்சு. நாப்பது நாள் யார் கண்ணுக்கும் படாது. ஜூன்லதான் விடியக்காலைல திரும்பி வரும். உனக்கு மட்டும் எந்த ஊர் வானத்துல தெரிஞ்சுது?"

ஹமூத்தின் வாயிலிருந்து உண்மை வந்தது. தன் முறைக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிட்டானாம். காய்ந்த தோட்டத்துக்குப் பெண்டாட்டியிடம் பதில் சொல்ல அவனுக்கு ஒரு திருடி வேண்டியிருந்தது. தூ!

"எந்த நட்சத்திரம்னு அன்னைக்கே கேட்டிருந்தா மாட்டியிருப்பானே. கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கலை. பெரிய மனுஷன் சொல்றான்னு நம்பிட்டேன்."

செருப்புக்கூட மாட்டாமல் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தொழுகைக்குக் கைகால் கழுவ ஆண்கள் கால்வாய்க்கரையில் கூடியிருந்தார்கள். ஸுவைனா கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"ஸுவைனா, நீ திருடலைம்மா. விசாரிக்காம தீர்ப்பு சொன்னது நான். என்னை மன்னிச்சுடு" என்றார், அத்தனை பேர் காதிலும் விழும்படி.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ஆரிஃபே. முதல்ல மடையைத் திறங்க."

அப்போது ஓடிக்கொண்டிருந்தது எங்கள் தோட்டத்து முறை. இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்னை என்ன பாக்குறீங்க? திறங்க!" என்றேன்.